தேசம்மாவுக்கு மூன்று பரிசோதனை

சுகாதாரத் துறையின் பழைய ஆட்கள் கூடும் இடங்களில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. யாராவது ஓய்வு பெறும் விழாவில், மைக் பிடித்தவருக்குப் பேச விஷயம் தீர்ந்துபோனால் அந்தக் கதையை எடுத்துவிடுவார். கூட்டம் சிரிக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். கதையில் நான் கோமாளி. அதில் எனக்கு வருத்தம் இல்லை, செய்தது கோமாளித்தனம்தான். ஆனால் அவர்கள் சொல்லும் கதையில் தேசம்மா என்ற பெண்மணி வருவதே இல்லை. அவரை விட்டுவிட்டுச் சொன்னால்தான் அது சிரிப்புக் கதை.

கொரோனா கொஞ்சம் அடங்கி, கல்லூரிகளைத் திறக்கலாம் என்று அரசு சொன்ன சமயத்தில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருக்கும் ஓர் இளைஞர் எனக்குப் போன் செய்தார். "சார், இங்க ஒரு காலேஜ் திறக்கப் போறாங்க. பிளான் போடுன்னு என் தலையில கட்டிட்டாங்க. காலரா டைம்ல நீங்க ஒரு காலேஜைத் திறந்தீங்களாமே? எப்டி சார் பண்ணீங்க?" என்றார். கிணற்றுக்கு எவ்வளவு மருந்து, மாணவர்களை எந்த வரிசையில் உள்ளே விடுவது, சமையல்கட்டை எப்படிப் பிரிப்பது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவரும் குறித்துக்கொண்டார். போனை வைத்த பிறகு, முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டது உறைத்தது. போனில் சொல்லத் துணிவு வராத அதை இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. அறுபதுகளில் சென்னையில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பு. கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி தூரம் இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். முதல் வேலை பொன்னேரிப் பக்கம். சைக்கிள் கேரியரில் பிளீச்சிங் பவுடர் டின்னைக் கட்டிக்கொண்டு பழவேற்காடு ஏரியோரக் குப்பங்கள் வரை மிதிப்பேன். 'பிளீச்சிங் சார் வராரு' என்று பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள். எனக்கு அதில் பெருமை. யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். மீனவர் வீட்டில் சொம்பை நீட்டினால், "தப்பா நெனச்சுக்காதம்மா, டூட்டி" என்று கையைக் கட்டிக்கொள்வேன். நீட்டிய சொம்பு திரும்பி உள்ளே போவதை எத்தனையோ வாசல்களில் பார்த்திருக்கிறேன். அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஹெல்த் ஆபீசர் டாக்டர் கோதண்டபாணி. குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கை கழுவுவார். சோப்பையும் அவரே ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். கழுவிய கையைத் துண்டில் துடைக்க மாட்டார், காற்றிலேயே காயவிடுவார். அது காய்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். பஞ்சாயத்துத் தலைவரானாலும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். காய்ந்த பிறகு, "ம், சொல்லுங்க" என்பார். நாம் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்போம். "யார் பார்த்தது?" என்பார். "பாத்தாச்சு சார்" என்று மழுப்ப முடியாது. யார் பார்த்தது, யார் சொன்னது, யார் செய்தது என்று ஆளைக் காட்டும்வரை விடமாட்டார். அவர் கேட்டால் எனக்குப் பயம். ஆனால் அவர் போன பிறகு அதே கேள்வியை அதே தொனியில் மற்றவர்களிடம் நான் கேட்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். உலகத்தையே சுற்றிக்கொண்டிருந்த காலரா எங்கள் பக்கமும் வருவதும் போவதுமாக இருந்தது. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி, கூடவே மாணவர் விடுதி. பெரும்பாலும் நெல் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பக்கம் ஃபேக்டரிகள் வரப்போகின்றன, படித்துவிட்டால் மகனுக்கு வேலை நிச்சயம் என்று நம்பிச் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் விடியற்காலையில் விடுதியில் ஒரே நேரத்தில் பல பையன்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வியர்த்து ஊற்றிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குள் நுழைந்தேன். அவர் தன் கையாலேயே கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி நீட்டினார். பிரின்சிபால் கொடுத்ததை எப்படி மறுப்பது? வாங்கிக் குடித்துவிட்டேன்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. புதிதாகக் கட்டிய கழிப்பறையின் சாக்கடை கிணற்றை ஒட்டிப் போனது. சுவரில் வெடிப்பு, அங்கிருந்து கசிவு. பாடத்தில் படம் போட்டுக் காட்டிய மாதிரி இருந்தது. பையன்களில் ஒருவன் பிழைக்கவில்லை. திருநின்றவூர்ப் பக்கத்துப் பிள்ளை. மற்றவர்கள் தேறினார்கள். கல்லூரியை மூடி எல்லோரையும் ஊருக்கு அனுப்பினோம்.

மூடுவது சுலபம், ஒரு பூட்டு போதும். திறப்பதுதான் பாடு. கடைசி வருஷப் பையன்களுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "திட்டம் நீங்க போடுங்க. நான் பார்க்கிறேன்" என்றார். எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. இரவு பகலாக உட்கார்ந்து எழுதினேன். சாக்கடையை உடைத்து வேறு பக்கம் திருப்புவது. கிணற்றை இறைத்து, தூர் வாரி, மருந்து போட்டு, தண்ணீரைச் சோதிப்பது. அதன் பிறகும் கொதிக்கவைத்த தண்ணீர் மட்டுமே குடிக்கத் தருவது. கடைசி வருஷத்தார் முதலில் வருவது, ஐந்து நாள் அவர்களைத் தனிக் கட்டடத்தில் வைத்துப் பார்த்த பிறகே அடுத்தவர்களை விடுவது. எல்லோருக்கும் ஊசி. சமையல்கட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் மலப் பரிசோதனை. அதாவது ஆசனவாயில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, குப்பியில் போட்டுச் சென்னைக்கு ரயிலில் அனுப்ப வேண்டும். நோய் இல்லாமலே கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு என்பதால் இந்தச் சோதனை. முடிவு வந்தவுடன் மெஸ் ஹாலில் எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும், ஒளிவுமறைவு கூடாது. இந்தக் கடைசி விதி முழுக்க என் மூளையில் உதித்தது. இன்னொன்றும் சேர்த்தேன். தினமும் சாப்பாட்டைச் சுகாதார ஆய்வாளர் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும். டாக்டர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். பரிசோதனை ஆளுக்கு ஒன்று என்று அவர் கையாலேயே எழுதினார்.

வேலை தொடங்குவதற்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. சாக்கடை, வெடிப்பு, கசிவு என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். இறந்துபோன பையனின் பெரியப்பா எழுந்தார். அவர் மகனும் அதே விடுதியில் படித்தவன்தான். "கெணறு தானா கொல்லுமா சார்? யாரோ கொண்டாந்து வுட்டாத்தானே?" என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "மெஸ்ல மசாலா அரைக்கிறதுக்கு ஏரிக்கரைக் குப்பத்துலேர்ந்து ஒரு பொம்பள வருது சார். அந்தக் குப்பத்துல பேதி கண்டுச்சாம்" என்றது. அவ்வளவுதான், ஹால் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 'பேதி உங்கள் ஊர்களிலும்தான் கண்டிருக்கிறது, நானே மருந்து போட்டிருக்கிறேன்' என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் விரிசல் விட்ட சாக்கடைமேல் யாரும் கோபப்பட முடியாது. அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. "அந்தம்மாவை ஸ்பெஷலா கவனிக்கிறோம்" என்றேன். கூட்டம் அமைதியானது. எனக்கும் கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்ட திருப்தி.

அந்தப் பெண்மணிதான் தேசம்மா. அப்போது நான் அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். காகிதத்தில் மரியாதை கொடுப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் ஏரியில் வலை போடுகிறவர். ஏரி ஒரு நாள் கொடுக்கும், பத்து நாள் கை விரிக்கும். தேசம்மாவின் மெஸ் வேலையால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. திறப்பு நாளுக்கு முன் பரிசோதனை முடிந்து தேறியவர்களுக்கு மட்டும் வேலை, மற்றவர்கள் இடத்தில் புது ஆள் என்று பிரின்சிபால் முன்னமே அறிவித்திருந்தார்.

கல்லூரி வாசலில் வைத்து தேசம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மற்றவர்களுக்கு ஒரு பரிசோதனை, அவருக்கு மூன்று. மூன்றும் சுத்தமாக வரும்வரை காம்பவுண்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

"அல்லாருக்கும் ஒண்ணு, எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் மூணு?"

"உங்க குப்பத்துல பேதி இருக்கு."

"எங்க குப்பத்துல மட்டுமா கீது? பக்கத்து ஊரு புதுவாயல்ல இல்லியா? இங்க பொங்கிப் போடுற மாஸ்டர் ஊட்டாண்ட இல்லியா?"

"ரூல்ஸ்மா."

"யாரு சார் போட்ட ரூல்ஸு?"

டாக்டர் கேட்கிற அதே கேள்வி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மேலேர்ந்து ஆர்டர்" என்றேன். அப்படி ஓர் ஆர்டர் எங்கேயும் இல்லை. தேசம்மா என்னைத் தாண்டி மெஸ் பக்கம் பார்த்தார். பிறகு, "செரி சார், எடுங்க. வேலை பூடக் கூடாது" என்றார்.

உள்ளே விடாததால் வாசலை ஒட்டிய காவல்காரர் கொட்டகையில்தான் பரிசோதனை. சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து எடுத்தார். ஒரு தடவை எடுத்து அனுப்பினால் முடிவு வந்து சேரச் சில நாள் ஆகும், அதன் பிறகே அடுத்தது. ஒவ்வொரு தடவையும் தேசம்மா ஏரியைப் படகில் கடந்து, பஸ் பிடித்து வந்து, கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். முதலாவது சுத்தம். இரண்டாவதும் சுத்தம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெற்றோர்களிடம் 'ஸ்பெஷல்' என்று சொல்லிவிட்டேனே.

திறப்புக்கு முந்தைய வாரம் சமையல்கட்டில் ஒத்திகை. கல்லூரி ஊழியர்களுக்கும் கட்டட வேலை செய்கிறவர்களுக்கும் மட்டும் சமைத்துப் பழகினார்கள். தலைமைச் சமையல்காரர் கண்ணாயிரம் மாஸ்டர். நான் தினமும் மத்தியானம் ஆஜர். எங்கள் பக்கம் ருசி பார்ப்பது என்றால் கரண்டியை வாயில் வைப்பதில்லை, அது எச்சில். உள்ளங்கையை நீட்ட வேண்டும், மாஸ்டர் கரண்டியால் ஊற்றுவார், அதை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். ரொம்பச் சுத்தமான வழக்கம் என்று எல்லோரும் நம்பினோம். நான் சாம்பாரை உறிஞ்சுவேன், ரசத்தை உறிஞ்சுவேன், கையை இடுப்புத் துண்டில் துடைப்பேன். கடைசியில் மோர். "உப்பு பத்தல மாஸ்டர்" என்று நானே ஒரு பிடி உப்பை அள்ளி மோர்ப் பானையில் போட்டுக் கையாலேயே கலக்கியும் விடுவேன். காலராவுக்காகத் திட்டம் போட்ட மனிதன் செய்த காரியம் இது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை.

டாக்டர் வந்தார். கை கழுவினார், காயவிட்டார். "சமையலைத் தொடுகிற எல்லாரும் கொடுத்தாச்சா?" என்றார்.

"கொடுத்தாச்சு சார்."

"யார் யார் தொடறாங்க?"

நான் வாயெடுப்பதற்குள் கண்ணாயிரம் மாஸ்டர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம இன்ஸ்பெக்டர் சார்தான் சார் தெனம் ருசி பாக்குறாரு. மோருக்குக்கூட அவர் கையாலதான் உப்பு."

டாக்டர் என் கையைப் பார்த்தார். "அப்ப நீங்களும் கொடுங்க" என்றார். சிரித்துக்கொண்டே போய் மருத்துவ அறையில் கொடுத்தேன். தேசம்மாவின் மூன்றாவது குப்பியும் என் குப்பியும் ஒரே பெட்டியில் சென்னைக்குப் போயின.

முடிவு வந்த நாளில் மெஸ் ஹாலில் பெற்றோர்களைக் கூட்டியிருந்தோம். மறுநாள் திறப்பு. பிரின்சிபால், கண்ணாயிரம் மாஸ்டர், சமையல் ஆட்கள், இறந்த பையனின் பெரியப்பா எல்லோரும் இருந்தார்கள். முடிவைக் கேட்பதற்காக அன்று மட்டும் காம்பவுண்டுக்குள் விட்டிருந்தோம்; தேசம்மா ஹால் வாசற்படிக்கு வெளியே நின்றார். மூன்றாவது முடிவு படித்தால்தான் உள்ளே வரலாம். நான் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது டாக்டரின் ஜீப் வந்து நின்றது. அன்றைக்குக் கை காய ரொம்ப நேரம் எடுத்தது. என் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் வெளியே வந்து பேசலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தேசம்மா விஷயம்தான், மூன்றாவதில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். நினைத்ததோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இங்கயே சொல்லிடுங்க சார். மறைக்க ஒண்ணும் இல்ல. நம்ம ரூலே அதான?" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சமையல் ஆட்கள் எல்லாரும் சுத்தம். தேசம்மா சுத்தம். கிருமி இருக்கிறது ஒருத்தர்கிட்டதான்" என்று சொல்லி நிறுத்தி, என்னைப் பார்த்து, "உங்ககிட்ட" என்றார்.

துறை நண்பர்கள் விழாவில் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். இந்த இடத்தில்தான் கைதட்டிச் சிரிப்பார்கள். அன்றைக்கும் யாரோ ஒருவர் சிரித்தார். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார். "அப்ப, இவராலதானா...?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"இல்லைங்க. இவர் வந்ததே பையன்களுக்கு முடியாம போன பிறகுதான். இங்க வந்த இடத்துல தண்ணி ஏதாவது குடிச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். பிரின்சிபால் மேஜைமேல் இருந்த எதையோ ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். எங்கே தொற்றியது என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் எந்தக் குப்பத்திலும் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

டாக்டர் ஏற்பாடுகளைச் சொன்னார். ஒத்திகையில் சாப்பிட்ட எல்லோரையும் கவனிக்க வேண்டும், அதனால் திறப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும். நான் வளாகத்தின் கோடியில் காலியாக இருந்த வார்டன் வீட்டு அறையில் தனியாக இருந்து மாத்திரை சாப்பிட வேண்டும். "அப்புறம் ஒரு டெஸ்ட். சுத்தம்னு வந்தா டூட்டிக்குப் போகலாம்."

அப்போது வாசற்படிக்கு வெளியிலிருந்து தேசம்மாவின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை. "ஒண்ணு எப்டி சார் பத்தும்? எனுக்கு மூணு எட்த்தாங்களே."

டாக்டர் திரும்பினார். "மூணா? யாரும்மா சொன்னது?"

"மேலேர்ந்து ஆர்டர்னு இவருதான் சொன்னாரு. மேலன்னா நீங்கதான சார்? எங்க மேல உங்களுக்கு இன்னா சார் அப்டி ஒரு இது?"

டாக்டரின் முகத்தில் அடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "நான் ஒண்ணுன்னுதானே எழுதினேன்?" என்று என்னைக் கேட்டார். தன்மேல் பழி வந்துவிட்டதே என்று கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டார். பெற்றோர், பிரின்சிபால், சமையல் ஆட்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"நான்தான் சார் சொன்னேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "சரி. உங்களுக்கும் மூணு" என்று மட்டும் சொல்லிவிட்டு தேசம்மாவிடம், "நீங்க உள்ளே வாங்கம்மா" என்றார். தேசம்மா உள்ளே வந்தார். நான் வெளியே போனேன். வழியில் யாரும் என்மேல் படாமல் ஒதுங்கி நின்றார்கள். பிளீச்சிங் டின்னோடு நான் தெருவில் போகும்போது ஒதுங்குவார்களே, அது மரியாதை. இது வேறு.

வார்டன் வீட்டு அறை நல்ல அறை. கட்டில், ஜன்னல், மின்விசிறிகூட இருந்தது. முதல் பரிசோதனைக்குக் கம்பவுண்டர் வந்தார். எனக்குத் தெரிந்தவர், சங்கடப்பட்டார். "நானே வந்தேன் சார், வேற யாரும் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். குச்சியையும் குப்பியையும் எடுத்து வைத்துவிட்டு, "இருங்க, தாப்பா போட்டுடறேன்" என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினார். அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் காவல்காரர் கொட்டகை ஞாபகம் வந்தது.

அந்தக் கொட்டகைக்குக் கதவு கிடையாது. முன்பக்கம் ஓர் அரிசிச் சாக்கைப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அது பாதிதான் மறைக்கும். எதிரே ரோட்டோரம் டீக்கடை, அதன் பெஞ்சில் எந்நேரமும் ஆண்கள். முதல் தடவை முடிந்ததும் நர்சம்மா என்னிடம் வந்து, "சார், அந்தச் சாக்கு ஒரு பக்கம் அவுந்து தொங்குது. காத்துல பறக்குது. அந்தம்மா ரொம்பக் கூசுறாங்க" என்று சொன்னார். "ரெண்டு நிமிஷ வேலை, அதுக்கு அரண்மனையா கட்ட முடியும்?" என்றேன். ரொம்ப நன்றாகப் பேசிவிட்டதாக நானே சிரித்தும் கொண்டேன். அதன் பிறகு அதே சாக்குக்குப் பின்னால் இன்னும் இரண்டு தடவை. மூன்றாவது பரிசோதனை அன்று நான் சைக்கிளில் வாசலைக் கடந்தபோது டீக்கடைப் பெஞ்சில் ஒரே சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சுத்தியல், நாலு ஆணி, இன்னொரு சாக்கு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கம்பவுண்டர் வேலையை முடித்துப் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வெட்கம் தாங்கவில்லை. மெஸ் ஹாலில் டாக்டர் என்னைக் காட்டியபோது பட்ட வெட்கம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. போனில் அந்த இளைஞரிடம் நான் சொல்லாமல் விட்டது இந்தக் கொட்டகையைத்தான்.

ஒரு வாரம் கழித்துக் கல்லூரி திறந்தது. ஒத்திகைச் சாப்பாடு சாப்பிட்ட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷப் பையன்கள் டிரங்குப் பெட்டியோடு வரிசையாக வந்தார்கள். ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதிய திட்டப்படி, நான் எழுதிய கட்டடத்துக்குள் போனார்கள். பெரியப்பா தன் மகனை விட்டுவிட்டு வாசலிலேயே வெகுநேரம் நின்றார். யாருக்கும் பேதி வரவில்லை. பரீட்சை நடந்தது. திட்டம் நன்றாக இருந்தது என்று பின்னால் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை வாங்கிப் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

மூன்றும் சுத்தம் என்று வந்த பிறகு என்னை வெளியே விட்டார்கள். நேரே மெஸ்ஸின் பின்பக்கம் போனேன். தேசம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று நாளாகச் சொல்லிப் பழகி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "தேசம்மா, அது வந்து... அன்னிக்கு நான் பண்ணது..." என்று இழுத்தேன். அவர் குழவியை நிறுத்தவில்லை. "தள்ளி நில்லுங்க சார், கண்ணுல தெறிக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்கிற மாதிரி சொன்னார். நான் தள்ளி நின்றேன். பிறகு போய்விட்டேன்.

வாயால் முடியாததைக் கையால் செய்யலாம் என்று நினைத்தேன். பிரின்சிபாலிடம் பேசி, இனிமேல் யாருக்காவது சோதனை எடுக்க வேண்டியிருந்தால் என்று காரணம் சொல்லி, காவல்காரர் கொட்டகைக்குக் கதவு போட ஏற்பாடு செய்தேன். தச்சரைக் கூட்டிவந்து நானே பக்கத்தில் நின்றேன். நல்ல கனமான பலகை. உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். இழுத்தும் தள்ளியும் பார்த்தேன், கச்சிதமாக விழுந்தது. மனசு கொஞ்சம் லேசான மாதிரிகூட இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து தேசம்மா வாசலுக்கு வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல, வேகமாக வந்தவர் கதவைப் பார்த்து நின்றார். டீக்கடைப் பெஞ்சில் வழக்கமான ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேசம்மா கதவைத் தொடவில்லை. கதவையும், பக்கத்தில் சுருட்டிப் போட்டிருந்த பழைய சாக்கையும், என்னையும் பார்த்தார்.

"இப்ப யாருக்கு சார் கதவு?" என்றார்.

பதிலுக்கு நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார்.